கிடப்பில் கிடந்த காஸ்ட் அயர்ன் புல்லட் 350: டாங்கிலிருந்து ஜெட் வரை முழுமையான வழிகாட்டி

பல வருடம் கொட்டகையில் நின்ற புல்லட்டை வெளியே தள்ளி நிறுத்தியதும் யாராவது ஒருவர் புது பெட்ரோல் ஊற்றி, கிக்கரை மிதிக்கத் தொடங்கிவிடுவார். வண்டி கெடுவது பெரும்பாலும் கிடப்பில் கிடந்த காலத்தில் அல்ல, அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். டாங்கில் உதிர்ந்த துரு கார்ப்ரேட்டருக்குள் போகும். ஆயில் ஏறாத பிக் எண்டு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங், காய்ந்தபடி சுற்றும். ஒட்டிப்போன வால்வு, அதைத் திறக்கும் கம்பியான புஷ்ராடை வளைக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எந்த வேலையையும் முன்னே பின்னே மாற்றாமல் செய்யுங்கள்.

இங்கே சொல்வது திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின் புல்லட் 350 பற்றி. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சி.சி., பாயிண்ட் இக்னிஷன், நான்கு கியர், மிக்கார்ப் வி.எம்.24 கார்ப்ரேட்டர். வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் டாங்க், கார்ப்ரேட்டர் பகுதிகள் ஏறத்தாழ அப்படியே பொருந்தும். ஸ்லைடு (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் உருளை) வைத்த கார்ப்ரேட்டர்களின் உள்ளமைப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலில் பார்ப்பது

கழற்றும் முன்பு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, வயர் எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்கிறது, எந்த போல்ட்டுக்கு எத்தனை வாஷர் என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். கழற்றியவற்றைப் பகுதிவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் வண்டியில் இல்லை. சைலன்சர் வாயில் குளவிக் கூடு இருக்கும், ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். வயரிங்கை எலி கடித்திருந்தால் சீட்டுக்கு அடியிலும் ஹெட்லைட் கூண்டுக்குள்ளும்தான் முதலில் தெரியும்.

சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பணம் செலவழிக்க வேண்டும். துருவைத் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாக விழும். எண் பொருந்தாத வண்டிக்கு எவ்வளவு செய்தாலும் சாலையில் ஓட்ட முடியாது.

என்ஜின் சுற்றுகிறதா

பிளக்கைக் கழற்றுங்கள். ஓட்டை வழியாக 30 முதல் 50 மி.லி. வரை டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தால் இது ஊறி இளகும்.

பிறகு சோதிக்கும்போது கிக்கரில் ஏறி மிதிக்காதீர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். கிக்கரை உதைத்தால் முழு பலமும் ஒரே அடியாக விழுந்து, கிக்கரின் பல் உடையும். சக்கரத்தில் எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பது கைக்குத் தெரியும். கொஞ்சமும் அசையவில்லை என்றால் கலவையை மறுபடி ஊற்றி ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்கத்தான் வேண்டும். சுத்தியல் எதற்கும் தீர்வில்லை.

சுற்றத் தொடங்கியதும் சிலிண்டர் அடியில் இருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து, யாராவது சக்கரத்தை மெல்லச் சுற்ற, இரண்டு புஷ்ராடும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒன்று மேலே போய் உடனே கீழே வராமல் தளர்ந்து நின்றால், அந்த வால்வு கைடில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ராக்கர் மூடியைத் திறந்து வால்வு தண்டில் டபிள்யூ.டி.40 போன்ற ஊடுருவும் ஆயிலை அடித்து ஊற விடுங்கள். இதைக் கவனிக்காமல் உதைத்தால் புஷ்ராடு வளையும்.

டேப்பெட் இடைவெளி இந்த என்ஜினுக்குப் பூஜ்ஜியம். என்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சத்தில் நிற்க, புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது செட்டிங் கொஞ்சம் மாறும், அதனால் இறுக்கிய பிறகும் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.

ஆயில்: இதை விட்டால் பிக் எண்டு போகும்

புல்லட்டில் ஆயிலுக்குத் தனி டாங்க் கிடையாது. கிராங்க் கேஸுக்குப் பின்னால் சேர்ந்தே வார்த்த அறையில்தான் ஆயில் நிற்கிறது. வண்டி நாட்கணக்கில் சும்மா நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் சுற்றும் குழிக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலே ஊற்றினால் அளவு இரட்டிப்பாகி, ஸ்டார்ட் ஆனதும் ப்ரீதரிலும் சைலன்சரிலும் ஆயில் கக்கும்.

எனவே ஆயில் அறையின் வடிகால் போல்ட், கிராங்க் குழியின் வடிகால் போல்ட் இரண்டையும் திறந்து முழுவதையும் வடியுங்கள். கீழே வைத்த தட்டைக் கவனமாகப் பாருங்கள். கருப்புக் களிம்பு வருவது இயல்பு. காபியில் பால் விட்ட நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மினுமினுக்கும் பித்தளைத் துகள் நிறைய இருந்தால் பேரிங்கோ ஆயில் பம்போ தேய்ந்திருக்கிறது, என்ஜினைத் திறக்காமல் ஓட்டக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் கார்ப்ரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி என்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தத் தகவலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கார்ப்ரேட்டரைத் திறக்கும்போது உதவும்.

துணி ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, ஃபில்டர் அறையில் கொள்ளும் மட்டும் ஆயில் ஊற்றி மூடுங்கள். பிறகு 20டபிள்யூ50 ஆயில் ஏறத்தாழ 2 லிட்டர், டிப் ஸ்டிக் பார்த்து. பிளக் இல்லாமல், டிகம்ப்ரஷரை (கம்ப்ரஷனை வெளியேற்றும் லிவர்) இழுத்தபடி கிக்கரை நிதானமாக முப்பது நாற்பது முறை மிதியுங்கள். ஃபில்டர் மூடி நட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு மிதித்தால் அங்கே ஆயில் கசிய வேண்டும். கசிந்தால் பம்ப் ஆயிலை அழுத்துகிறது. கசியாவிட்டால் அங்கேயே நிறுத்தி பம்பைப் பாருங்கள். பொறியையோ பெட்ரோலையோ பற்றி அதுவரை யோசிக்கவே வேண்டாம்.

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதித்தால் பெரும்பாலும் விடுபடும். பிரைமரி செயின் பெட்டியில் ஆயில், மட்டம் காட்டும் திருகு வரை. கியர் பெட்டிக்கு இந்த மாடலில் பாயும் தன்மையுள்ள கிரீஸ்தான். அது காய்ந்து கட்டியாகியிருந்தால் கொஞ்சம் கியர் ஆயில் சேர்த்து இளக்குங்கள்.

டாங்க்

கார்ப்ரேட்டரைக் கழுவி மாட்டிய மறுநாளே அடைத்துக்கொள்கிறது என்று புலம்புவோர் பலர். காரணம் எப்போதும் மேலே இருக்கிறது. பெட்ரோல் டாங்கில் தொடங்கி குழாய், டியூப், ஃபில்டர் வழியாக, கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையிட்ட பித்தளைத் துண்டான ஜெட்டுக்கு வருகிறது. அந்த வழியில் மேலிருந்து கீழாகத்தான் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

பழைய பெட்ரோலை வெளியே, திறந்த வெளியில் வடியுங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் அது இனி எரியத் தகுதியில்லாதது. சாக்கடையில் ஊற்றாதீர்கள். டாங்கை இறக்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான சிவப்புத் தூசி என்றால் எளிது. செதில் செதிலாக இருந்தால் அடியில் பொத்தல் வாய்ப்பு அதிகம். பொத்தல் டாங்கைப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பெட்ரோல் ஆவி மிச்சம் இருக்கும் டாங்க் வெடிக்கும்.

துருவுக்குச் சிறந்தது சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு. லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கணக்கில் கலக்குங்கள். இந்த டாங்குக்கு ஏறத்தாழ 14 லிட்டரும் 700 கிராமும் ஆகும். செதில் இருந்தால் அதற்கு முன்பே கொஞ்சம் தண்ணீரோடு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். போடும்போது எண்ணிப் போட்டு, எடுக்கும்போது எண்ணி எடுங்கள். கரைசல் பெயிண்டில் வழிந்தால் மங்கிவிடும் என்பதால் வெளிப்புறத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். 12 மணி நேரம் கழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும்.

கொட்டியதும் தண்ணீரில் அலசி, சமையல் சோடா 100 கிராம் கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, மறுபடி அலசுங்கள். இதற்குப் பிறகு வேகம் வேண்டும். ஈரமான வெற்று இரும்பில் அரை மணி நேரத்தில் மஞ்சள் துரு படரும். கம்ப்ரஸர் காற்றாலோ முடி உலர்த்தும் டிரையராலோ முழுதும் காயவைத்து, டிரையரை அப்புறப்படுத்திய பின், 200 மி.லி. பெட்ரோலில் 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். அந்தப் படலம் துருவைத் தடுக்கும்.

டாங்க் மூடியில் இருக்கும் காற்று ஓட்டை அடைபட்டிருந்தால் வண்டி சில கிலோமீட்டர் ஓடி நின்றுபோகும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும். சோதிக்க, பின்னால் டாங்கைப் பொருத்தும்போது மூடியைப் போட்டு, குழாயைத் திறந்து ஒரு பாட்டிலில் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஒழுக்கு மெலிந்தால் மூடிதான் குற்றவாளி.

பெட்ரோல் டியூபைப் புதிதாக வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊதி, மென்மையாகி, உள்ளுக்குள் உதிரும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும், அதனால் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துவதே நல்லது.

கார்ப்ரேட்டர்

கழற்றும் முன் இரண்டு அளவு எடுக்க வேண்டும். கார்ப்ரேட்டர் பக்கவாட்டில் இரண்டு திருகு இருக்கும். பெரியது ஐடில் திருகு, ஸ்லைடை முட்டுக் கொடுத்து நிறுத்துவது. சிறியது ஏர் ஸ்க்ரூ. ஏர் ஸ்க்ரூவை உள்நோக்கித் திருப்பி, எத்தனை சுற்றில் மெல்ல முட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். முட்டியதும் நிறுத்திவிடுங்கள். அழுத்தினால் அதன் கூர் நுனி உட்காரும் இடத்தைப் பெரிதாக்கிவிடும், பிறகு ஐடில் ஒருநாளும் நிலைக்காது.

மேல் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்லைடு, ஸ்பிரிங், ஊசி மூன்றும் கேபிளோடு வரும். ஊசியில் ஐந்து வரிப்பள்ளம் இருக்கும். கிளிப் எதில் மாட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தின் திருகுகள் எளிதில் வராது. சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, நன்கு அழுத்தியபடி திருப்புங்கள். தலை வழுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, ஊடுருவும் ஆயில் அடித்து ஓர் இரவு விடுங்கள்.

கிண்ணத்தைத் திறந்ததும் உள்ளே இருப்பதே வண்டியின் வரலாறு. பச்சையாக, பிசினாக ஒட்டியிருந்தால் பெட்ரோல் காய்ந்து போயிருக்கிறது. வெள்ளை மாவு படிந்திருந்தால் தண்ணீர் நின்று உலோகத்தை அரித்திருக்கிறது. அடியில் சிவப்புச் சேறு என்றால் டாங்க் துரு.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் அச்சுக் கம்பியை உருவி மிதவையை எடுங்கள். கம்பியைத் தாங்கும் தூண்கள் மெல்லிய வார்ப்பு. கம்பி வராவிட்டால் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் தட்ட வேண்டும், இல்லையென்றால் தூண் ஒடிந்து கார்ப்ரேட்டரே வீணாகும். மிதவையை காதருகில் ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் பொத்தல். பிறகு மிதவை ஊசி, மெயின் ஜெட், அதன் மேலிருக்கும் ஊசி ஜெட், பைலட் ஜெட் என்ற வரிசையில் கழற்றுங்கள். பைலட் ஜெட் குழிக்குள் இருக்கும். அகலம் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் அதன் தலை சிதையும், அப்படிச் சிதைந்த பித்தளையை எடுப்பது பெரும் பாடு.

ஜெட்டுகளில் பொறித்த எண்களை எழுதிவையுங்கள். முன்பு யாராவது வேறு அளவு போட்டிருக்கலாம்.

பித்தளைப் பாகங்களை மட்டும் என்.சி. தின்னரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். ரப்பர், ஓ ரிங், பிளாஸ்டிக் மிதவை எதுவும் தின்னரில் படக் கூடாது. உடலை மண்ணெண்ணெயிலும் பிரஷ்ஷிலும் வெளியே கழுவி, உள்வழிகளுக்கு கார்ப்ரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். கண்ணாடி அணியுங்கள். ஒரு ஓட்டையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு ஓட்டையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும். காஸ்டிக் சோடாவில் போட்டால் பளபளக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது இந்த உலோகத்தையே கரைக்கும்.

இனி முக்கியமான வேலை. பைலட் ஜெட்டின் துளை தலைமுடியைவிடச் சற்றே பெரியது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வட்டமாக, கூர்மையான விளிம்போடு ஒளி தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை வடிவத்திலோ தெரிந்தால் உள்ளே இன்னும் பிசின் ஒட்டியிருக்கிறது. ஊறவைத்த பின், மெல்லிய மின்வயரைப் பிரித்து ஒற்றைத் தாமிர இழையை எடுத்து விடுங்கள். எஃகுக் கம்பி, ஊசி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை ஒரு நூலளவு பெரிதானாலும் பெட்ரோல் அதிகமாகி, செட்டிங்கே நிற்காது. ஊசி ஜெட்டின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் அதேபோல் பாருங்கள். பெரும்பாலானோர் மெயின் ஜெட்டை ஊதிவிட்டு இந்தப் பக்கத் துளைகளை மறந்துவிடுகிறார்கள்.

உடலுக்குள் பைலட் வழி எங்கே திறக்கிறது தெரியுமா? ஸ்லைடு இறங்கும் இடத்துக்கு என்ஜின் பக்கமாக, தரையில் ஊசி முனையளவுத் துளை. பைலட் ஜெட் இருக்கும் குழியிலிருந்து ஸ்பிரே அடித்தால் இந்தத் துளையிலிருந்து நேராகப் பீய்ச்ச வேண்டும். ஏர் ஸ்க்ரூ குழியிலிருந்து அடித்தாலும் வர வேண்டும். வரவில்லை என்றால் வேலை முடியவில்லை. மறுபடி ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றை எதிர்த்திசையில் விடுங்கள். கிடந்த வண்டி சோக்கில் (குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டும் லிவர்) ஓடி, சோக்கை எடுத்ததும் அணைந்தால், பத்தில் எட்டு முறை காரணம் இந்த ஒரு துளைதான்.

மிதவை ஊசியின் கூம்பு முனையை விரல் நகத்தால் வருடுங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். சோதனை எளிது: மிதவையைப் பொருத்தி, கார்ப்ரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, சுத்தமான டியூபை மாட்டி வாயால் ஊதினால் காற்று போகக் கூடாது, நிமிர்த்திப் பிடித்தால் போக வேண்டும். மிதவை மட்டத்துக்கு, தலைகீழாக இருக்கும்போது ஊசியை முட்டித் தாங்கும் கை, உடலின் பேக்கிங் முகத்துக்கு இணையாக இருக்க வேண்டும். மிகச் சிறிதளவே வளைத்துச் சரிசெய்யுங்கள். மட்டம் உயர்ந்தால் ஓவர்ஃப்ளோ, தாழ்ந்தால் வேகத்தில் மூச்சுத் திணறல்.

கடைகளில் ரிப்பேர் கிட் என்று பேக்கிங், ஓ ரிங், மிதவை ஊசி, ஜெட்டுகள் சேர்த்து விற்கிறார்கள். சென்னை ஜெனரல் பீட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பல ரகம் கிடைக்கும். அதில் ரப்பரையும் பேக்கிங்கையும் மிதவை ஊசியையும் பயன்படுத்துங்கள். ஜெட்டுகள் உங்கள் பழையவையே இருக்கட்டும். மலிவான கிட்டில் எண் சரியாக இருக்கும், துளை சரியாக இருக்காது. அடைப்பெடுத்த அசல் ஜெட், புதிதாக வாங்கிய போலியைவிட எந்நாளும் மேல்.

மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப் பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள நீண்ட பள்ளம் உடலில் இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். உட்காராமல் மூடினால் ஸ்லைடு பாதியில் நிற்கும், ஸ்டார்ட் ஆனதும் என்ஜின் முழு வேகத்தில் அலறும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் ‘டக்’ என்று ஸ்லைடு விழும் சத்தம் கேட்கிறதா, ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பினால் கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சு முகம் வளைந்திருந்தால் காற்று பிடிக்கும். முந்தைய ஆட்கள் நட்டை மிகையாக இறுக்கியதால் வருவது இது. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் ஈர எமரித் தாளை விரித்து, எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்தால் முகம் சமமாகும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, சமமாக இறுக்குங்கள். ஏர் ஸ்க்ரூ தொடக்கத்துக்கு ஒன்றரைச் சுற்று வெளியே.

பொறி

இந்த வண்டி பேட்டரியிலிருந்து காயிலுக்குப் போகும் மின்சாரத்தில்தான் பொறி விடுகிறது. செத்த பேட்டரியோடு உதைத்துக் களைக்காதீர்கள். பழைய 6 வோல்ட் வண்டியா, 12 வோல்ட்டா, பேட்டரியின் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று வயரிங்கைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.

காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் முகங்களில் பச்சைப் படலம் இருக்கும். மெல்லிய எமரித் தாளால் ஒரு இழுப்பு, பிறகு பெட்ரோல் நனைத்த வெள்ளைக் காகிதத்தை இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். எமரித் துகள் மிஞ்சினால் மறுநாளே கருகும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.5 மி.மீ. பாயிண்ட் திறக்கும்போது நீலமாகப் பெரிய பொறி தெறித்தால் கண்டென்சரை மாற்றுங்கள். அது மலிவான பொருள், சந்தேகம் வந்தாலே மாற்றலாம்.

டைமிங்குக்கு, வேகம் கூடும்போது பொறியை முன்னதாக்கும் அட்வான்ஸ் எடைகள் ஓய்வில் இருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்ட் முனைக்கும் பாடிக்கும் இடையே ஒரு சிறு பல்பை மாட்டி, சாவி போட்டுச் சுற்றினால், திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அட்வான்ஸ் எடைகள் துருவில் ஒட்டியிருந்தால் இரண்டு சொட்டு ஆயில் விட்டு அசைத்து விடுவியுங்கள்.

பிளக்கை ஹெட்டில் தொட வைத்துப் பொறி பார்க்கும்போது, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வையுங்கள். ஓட்டையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

முதல் ஸ்டார்ட்

டாங்கை இன்னும் பொருத்த வேண்டாம். ஒரு சிறு பாட்டிலில் 200 மி.லி. புதுப் பெட்ரோலை ஹேண்டிலில் தொங்கவிட்டு டியூபை மாட்டுங்கள். ஐந்து நிமிடம் ஓவர்ஃப்ளோ குழாயைப் பாருங்கள், ஒரு சொட்டும் வரக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் இருக்கட்டும்.

சோக்கைப் போடுங்கள். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே டிகம்ப்ரஷரை இழுத்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, டிகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை முழுதும் மேலே வரவிட்டு ஒரே உதை. ஆக்ஸிலேட்டரைத் திருகாதீர்கள். இந்த முறையில் உதைத்தால் காலில் திருப்பி அடிக்காது.

ஓடத் தொடங்கியதும் முதல் வேலை ராக்கருக்கு ஆயில் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது. ஒரு நிமிடத்துக்குள் அங்கே ஆயில் ஊற வேண்டும். இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். காற்றில் குளிரும் என்ஜின் என்பதால் நிறுத்தி வைத்தபடி மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தொடக்கத்தில் நீலப் புகை வருவது சிலிண்டரில் நாம் ஊற்றிய ஆயில்தான். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் நீலம் நின்றால் ரிங்கையோ வால்வு கைடையோ பாருங்கள். கருப்பு என்றால் பெட்ரோல் மிகை.

டியூனிங்

டாங்கைப் பொருத்தி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி என்ஜின் சூடான பிறகே கை வையுங்கள். ஐடில் திருகால் வேகத்தைச் சற்று உயர்த்துங்கள். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, என்ஜின் அதிக வேகத்தில், சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடிலைக் குறைத்து, அந்த ‘தக் தக்’ ஒவ்வொன்றாக எண்ணும்படி நிற்க வையுங்கள். சிறந்த இடம் ஒரு சுற்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் இடையில் அமையும். முழுதும் உள்ளே திருகினால்தான் ஓடுகிறது என்றால் பைலட் வழி இன்னும் அடைப்பு, அல்லது எங்கோ காற்று பிடிக்கிறது.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தயங்கினால் அது காற்றுக் கசிவின் அடையாளம். ஃபிளாஞ்சு இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

எந்த இடத்தில் திணறுகிறது என்பதை வைத்து எதைத் தொட வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம். ஆக்ஸிலேட்டர் எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். நடுவேகத்தில் கார்ப்ரேட்டர் வழியாகத் தும்மினால் பெட்ரோல் போதவில்லை, கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். நடுவேகத்தில் மந்தமாக, கரும்புகையோடு போனால் கிளிப்பை மேலே ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓடிய பிளக்கின் பீங்கான், பிஸ்கட் நிறத்தில் இருப்பது சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, புகைக்கரி படிந்திருந்தால் மிகை.

சாலைக்கு இறங்கும் முன்

டயர் இரண்டும் 3.25-19. மேல் கட்டை (ட்ரெட்) நன்றாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் டியூபோடு சேர்த்து மாற்றுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பளபளப்பாகிப்போன லைனிங்கை எமரித் தாளால் சொரசொரப்பாக்கலாம், ஆயில் இறங்கியிருந்தால் புதிது போட வேண்டும். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் உள்ள வண்டி என்றால், புதிய வண்டிகளில் பழகியவர்கள் காலி மைதானத்தில் முதலில் ஓட்டிப் பழகுங்கள்.

பதினைந்து வருடம் கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 25 கொடுக்க வேண்டும், வண்டியை நேரில் காட்டவும் வேண்டும். 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் நிலையில் உள்ள வண்டிகளை 2021 விதிகளின்படி விண்டேஜ் வகையில் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் சாதாரணப் புதுப்பிப்பே வசதி.

முதல் 100 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை வடித்து மாற்றுங்கள், பழைய களிம்பு எல்லாம் அப்போதுதான் கிளம்பி வரும். அன்றே டேப்பெட், ஹெட் நட்டுகள், கார்ப்ரேட்டர் ஃபிளாஞ்சு நட்டுகள் மூன்றையும் ஆறிய என்ஜினில் சரிபாருங்கள். கிண்ணத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அடியில் சிவப்புத் துகள் தென்பட்டால் டாங்கை மறுபடி கழுவ வேண்டும்.